பங்கு பிரிக்காத வியாழன்

மேசை அவனுக்கு.
அலமாரி எனக்கு, அதன் சாவி தொலைந்து நாளாகியிருந்தும்.
துவாலை ஆளுக்கு நான்கு.
ஜன்னலை யாரும் கேட்கவில்லை.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமே,
அளந்தோம்.
வக்கீலம்மா கடைசிக் கோடு கிழிக்கப் போகையில்
"வியாழக்கிழமை?" என்றான் கஸ்பார்.
அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆறு வருடம் ஆயிற்று.
மருந்துக்கடை ஷட்டரை இறக்கிவிட்டு
காயா கரையிலிருந்து நடந்து வருகிறேன்,
இரும்புப் பாலத்தின் கீழ்த்தட்டில்.
தலைக்கு மேலே மெட்ரோ
தூங்கும் வீட்டுக்குள் தாமதமாக நுழைபவனைப் போல
மெல்லப் போகிறது.
அவன் அந்தப் பக்கம், சரிவில் இறங்கும் இழுவண்டியில்.
முழங்கால் அப்படி.

இதே பாலத்திலிருந்து டோரோவில் குதித்து
சில்லறை கேட்ட பையன்தான் ஒரு காலத்தில்.
இப்போதும் பையன்கள் குதிக்கிறார்கள்.
சொட்டச் சொட்ட வந்து கை நீட்டுகிறார்கள்.
கஸ்பார் பாதிதான் தருவான்:
"முதுகு வளைந்தது, அதற்குப் பிடித்தம்."
அவர்கள் திட்டும் வார்த்தைகள் மட்டும்
அவன் காலத்தவையே.

ஃபிர்மினோ கேட்காமலே கொண்டுவந்து வைக்கிறான்
இரண்டு சின்ன பீர்,
உப்பில் ஊறிய மஞ்சள் பருப்பு ஒரு கிண்ணம்.
உள்ளே கறுப்புச் சால்வையில் ஒருத்தி
வெளியூர்க்காரர்களுக்காக அழுது பாடுகிறாள்.
நாங்கள் வெளியே, சுவரோரம்,
மூன்றாம் மாடிக் கொடியின் ஈரச் சட்டைகளுக்கு அடியில்.
எப்போதாவது ஒரு சொட்டு, பீரில்.
யாருடைய சட்டை என்று இதுவரை தெரியாது.
பெரிய உடம்பு. நீல நிறத்தில் ஆசை.

வெயில் கடல் பக்கம் சாயும்.
ஒயின் பீப்பாய்கள் உறங்கும் எதிர்க்கரைக் கிடங்குகளில்
பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாய் எரியும்.
ஒன்றில் நடு எழுத்து மூன்று மாதமாய் அவிந்து கிடக்கிறது.
இன்றைக்கு எரியும் என்பான் அவன்.
எரியாது என்பேன் நான்.
தோற்றவர் பில்.
பதினோரு வாரமாய் அவனே கட்டுகிறான்,
பதினோரு வாரமாய் எரியும் என்றே சொல்கிறான்.
திருமணத்திலும் இதே வியாதி.

பருப்பைப் பல்லால் கடித்துத் தோலைத்
துப்பாமல், நாசூக்காய், என் தட்டில் வைக்கிறான்.
அன்று இதற்காகவே ஒரு ஞாயிறு முழுக்க
கதவடித்துக் கத்தியிருக்கிறேன்.
இப்போது தட்டைக் கொஞ்சம்
அவன் பக்கம் தள்ளி வைக்கிறேன்.
கை எட்ட வேண்டாமா.

நேற்றையது அல்ல, போன வாரத்தது இது.
பக்கத்து மேசைப் பெண், எந்த நாட்டவளோ,
வெயிலில் மூக்கு சிவந்தவள்,
கேட்காமலே எங்களைப் படம் எடுத்துவிட்டு
"எத்தனை வருடம்?" என்றாள்.
"முப்பத்தொன்று" என்றான் கஸ்பார்.
நான் பீர் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நடந்தது இருபத்தைந்து.
மனதுக்குள் கூட்டினேன்,
அந்த ஆறையும் சேர்த்திருக்கிறான்.
திருத்தவில்லை.
கடற்காகம் ஒன்று வந்து
ரொட்டித் துண்டைத் தூக்கிக்கொண்டு போனது,
ஃபிர்மினோ துணியை வீசி விரட்டினான்,
பேச்சு அங்கே போய்விட்டது.

இழுவண்டி அன்று பழுது.
படி ஏறியாக வேண்டும்.
ஒவ்வொரு படிக்கும் ஒரு கெட்ட வார்த்தை வைத்திருக்கிறான்,
எல்லாம் தேர்ந்தவை.
கூட ஏறினேன்,
அவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்த பக்கம் அல்ல, மறுபக்கம்.
பூனை ஒன்று ஒதுங்கி வழிவிட்டது.
முதல் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றோம்.
கீழே ஆறு கறுத்துவிட்டிருந்தது,
அந்த எழுத்தும் அப்படியே.

"இன்னும் கொஞ்சம்?" என்றான், மேலே பார்த்து.
இல்லை என்றேன்.
அதற்கு மேல் வெள்ளிக்கிழமை.